முனிக்கு எடுத்த பிடிமண்

பிள்ளைகளே,

போன வாரம் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். எந்த மலையில் வேலை செய்துவிட்டு வந்தாலும் அப்பா முதலில் வாய்க்காலில் இறங்கி மம்பட்டியைக் கழுவி, உள்ளங்காலையும் கல்லில் தேய்த்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குள் வருகிறார், மற்ற வீடுகளில் யாரும் அப்படிச் செய்வதில்லையே, ஏன் என்று. சின்னவன், "அப்பாவுக்கு மண்ணுன்னா பயம்" என்று சொல்லிவிட்டு ஓடினான். பயமும் உண்டுதான். ஆனால் பயத்தைவிட நன்றி அதிகம். வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா, "விடுங்க, பழசைக் கிளறாதீங்க" என்று தடுத்துவிடுவாள். அதனால் அவள் பீலிக்கரைக்குத் துணி துவைக்கப் போயிருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையில் எழுதுகிறேன். நான் மூன்றாம் புத்தகம் வரை படித்தவன். பிழை இருந்தால் மூத்தவளே, நீ திருத்திக்கொள். இந்தக் கதையில் நீயும் இருக்கிறாய். ஆனால் கதை ஆரம்பிக்கும்போது உனக்குப் பல் முளைக்கவில்லை.

என் அப்பா இந்த நமுனுகுலைச் சரிவுக்கு வந்தபோது இங்கே கோப்பிதான். கோப்பி இலையில் நோய் விழுந்து எல்லாம் போனபிறகு தேயிலை வைத்தார்கள். தேயிலைக்கு நடுவில் நிழலுக்குச் சவுக்குக் கன்றுகளை நட்டார்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும் அந்த மரங்களைத்தான் சொல்கிறேன். அப்பா தலையில் சுமந்து கொண்டுபோய் நட்ட கன்றுகள் நான் வாலிபனானபோது ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரங்களாகிவிட்டன. ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் அடுப்புகளுக்கு விறகு போதாமல் போனதும், அவற்றை வெட்டச் சொல்லித் தொரை உத்தரவு போட்டார்.

வெட்டினோம். எங்களுக்குச் சந்தோஷம்தான், உள்ளதைச் சொல்ல வேண்டும். கிளையெல்லாம் லயத்து அடுப்புக்கு வந்தது. மலையில் வெயில் நன்றாக விழுந்தது. அந்த வருஷம் கொழுந்தும் கூடவே வந்தது. "மரம் போனா செடிக்கு மூச்சு வரும்" என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அடிக்கட்டைகளை மட்டும் யாரும் தோண்டவில்லை. தோண்டினால் பக்கத்துத் தேயிலையின் வேர் அறுபடும், ஆளும் அதிகம் வேண்டும். வெட்டின மரம் செத்த மரம், அது மண்ணுக்குள் கிடந்து என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

அந்த மரங்களில் ஒன்று முனியாண்டி சாமியுடையது. அப்போது எங்களை வேலை வாங்கின கங்காணி ஐயாவின் அப்பா திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து புறப்பட்டபோது, குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வேட்டி முனையில் முடிந்து, கடல் தாண்டி, காட்டு வழியாக நடந்து கொண்டுவந்தாராம். அந்த மண்ணைப் போட்ட இடத்தில்தான் கல்லும் சூலமும் நட்டார்கள். பிறகு பக்கத்தில் வளர்ந்த சவுக்கு மரம் சாமி மரமானது. தம் அப்பாவுக்குப் பிறகு கங்காணி ஐயாதான் பூசாரி. உத்தரவு வந்ததும் அவர் சேவல் அறுத்து முனியிடம் அனுமதி கேட்டார். பிறகு தாமே முதல் வெட்டு வெட்டினார். இடுப்பு உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டு, அதில் சிவப்புத் துணி கட்டினார். கொழுந்துக்குப் போகும் பெண்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தேயிலை நிரையில் இறங்குவார்கள்.

இப்போது உங்கள் அம்மாவிடம் வருகிறேன்.

மூத்தவள் பிறந்து இன்னும் தீட்டுக் கழியவில்லை. வீட்டில் சும்மா படுத்திருக்க முடியாத நிலைமை. அவள் உன்னைத் துணியில் கட்டிக்கொண்டு கொழுந்துக்கு வந்துவிட்டாள். நடுமலையில் மழை பிடித்துக்கொண்டது. நீ அழுத அழுகைக்கு அவள் எங்கே போவாள்? சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மறைவாக இருந்த அந்த அடிக்கட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். எதிரே நமுனுகுலை உச்சி மேகத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்ததாம். அவ்வளவுதான் அவள் செய்தது.

செடிகளை வெட்டிவிடும் அடுத்த கவ்வாத்துக்கு முன்னால் அந்த அடிக்கட்டையைச் சுற்றியிருந்த தேயிலைகள் மஞ்சள் பூத்தன. இலை தொங்கியது. பிறகு கிளையோடு காய்ந்தது. வட்டமாக, யாரோ கயிறு பிடித்து வரைந்தது மாதிரி காய்ந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த வட்டம் பெரிதானது.

தண்ணீர் பிடிக்கும் பீலியில் பேச்சு ஆரம்பமானது. பக்கத்துக் காம்பராவில் இருந்த என் பெரியப்பா மகனின் பெண்சாதி, எனக்கு மதினி, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். குடத்தை வைத்துக்கொண்டு நடுவில் நின்று சொன்னாள்.

"தீட்டோட போயி சாமி முதுகுல சாஞ்சா செடி காயாம, பூத்துக் குலுங்குமா?"

அம்மா வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தாள். குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. "நெறைய விடலீங்க. பின்னால போய் நில்லுன்னாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுக்க யாரும் வரவில்லை. அவள் கை பட்ட செடி காயும் என்றார்கள். கங்காணி ஐயா கெட்ட மனுசர் இல்லை. ஆனால் முனி விஷயத்தில் அவருக்கும் பயம். ஒரு நாள் காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் கலைந்தபிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் சொல்றதைக் கோவிச்சுக்காத. தை பொறந்ததும் மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் கேக்குறாங்க. நீ பொண்டாட்டி புள்ளையோட அங்க போயிரு. இங்க இருந்தா நாளைக்கு ஒரு கெட்டது நடந்தாலும் அவ தலையிலதான் விழும்."

மொனராகலைப் பக்கம் அப்போது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. போனவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். கைக்குழந்தையோடு போன குடும்பம் ஒன்று குழந்தை இல்லாமல் பதுளை ரோட்டில் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. உன் துணிகளை மடித்து ஒரு பக்கமாக வைத்திருந்தாள்.

தை வருவதற்குள் இன்னொன்று நடந்தது. முனியின் வட்டம் போலவே வேறு அடிக்கட்டைகளைச் சுற்றியும் செடி காய ஆரம்பித்ததால், தொரை எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரரை வரவழைத்தார். மண்ணையும் பூசணத்தையும் பார்ப்பதுதான் அவருக்கு வேலையாம். எங்கள் ஆட்கள் உடனே அவருக்குப் "பூசணத் தொரை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோட்டைக் கழற்றிவிட்டு முழங்காலில் உட்கார்ந்து, செத்த தேயிலை ஒன்றைத் தோண்டச் சொன்னார். வேரின் பட்டையைக் கத்தியால் உரித்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு நூல் மாதிரி பரவியிருந்தது. அந்த வேர் போன வழியிலேயே தோண்டிக்கொண்டு போனால் அது சவுக்கு மரத்தின் வேரில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் அதே நூல்தான்.

அவர் சொன்னதைக் கண்டக்டர் ஐயா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவர் தொரைக்குக் கீழே தோட்டத்து வேலைகளைப் பார்க்கும் யாழ்ப்பாணத்தார். நான் விளங்கிக்கொண்டது இதுதான். மரம் உயிரோடு இருக்கும்போது அதன் வேரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் கோடிக்கணக்கில் பிழைக்கின்றன. மரம் அவற்றுக்குச் சாப்பாடு போடுகிறது. அவை மரத்துக்குச் சாப்பாடு தேடிக் கொடுக்கின்றன. ஒரு லயத்தில் இருக்கும் குடும்பங்கள் மாதிரி. மரத்தை வெட்டினால் மேலேதான் விழுகிறது. வேர் கீழே சாப்பாட்டோடு அப்படியே கிடக்கிறது, ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளும் வலு அதற்கு இல்லை. பழைய உயிர்களுக்குப் பிழைப்புப் போகிறது. அப்போது இந்த வெள்ளை நூல் வந்து குடியேறி, செத்த வேரைத் தின்று பெருகி, பக்கத்தில் நிற்கும் நல்ல வேரையும் பிடித்துக்கொள்கிறது.

"எல்லா அடிக்கட்டையளையும் வேரோட கிண்டி எடுத்து எரிக்க வேணும். சுத்தி வாய்க்கால் வெட்டிச் சுண்ணாம்பு போட வேணும்" என்றார் கண்டக்டர் ஐயா.

எனக்கு மனசு லேசானது. நூல்தான் காரணம் என்றால் உங்கள் அம்மா காரணம் இல்லையே. ஆனால் லயத்தில் அதை யார் நம்பினார்கள்? "மத்த கட்டைக்கு நூலா இருக்கும். முனி கட்டைக்கு அவதான்" என்றாள் மதினி. "வெள்ளைக்காரனுக்கு முனியைப் பத்தி என்ன தெரியும்?"

முனி அடிக்கட்டையைத் தோண்ட ஒருவரும் முன்வரவில்லை. கங்காணி ஐயா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஊரிலிருந்து சாமி எப்படி வந்ததோ அப்படியே இங்கேயும் இடம் மாற்றிவிடலாம். கட்டையடியில் பிடிமண் எடுத்து, பீலிக்கு மேலே உள்ள மலையில் புது இடத்தில் வைத்துவிட்டால், பிறகு இங்கே இருப்பது வெறும் கட்டை. அதை யாரும் தோண்டலாம்.

எல்லோருக்கும் சம்மதம். பறை அடித்து, பொங்கல் வைத்து எடுத்தோம். கங்காணி ஐயா அடிக்கட்டையின் கீழே கைவிட்டு மண் எடுத்தபோது, மண்ணோடு கறுப்பாக ஒரு வேர்த்துண்டும் வந்தது. "சாமி வேரோடதான் வருது" என்று அதையும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார். மேல்மலையில் தேயிலைக்கு நடுவே குழி தோண்டி, அந்த மண்ணையும் வேரையும் போட்டு, மேலே கல்லையும் சூலத்தையும் நட்டார்கள். பெண்கள் பாலும் தண்ணீரும் ஊற்றினார்கள். கல்லைச் சுற்றி இலையும் பூவும் குவிந்தன. அன்றிலிருந்து தினமும் ஒருத்தி குடத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

உங்கள் அம்மாவை அங்கே விடவில்லை. லயத்துக் கோடியில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, தூரத்துப் பறைச் சத்தத்தைக் கேட்டு, நின்ற இடத்திலேயே கும்பிட்டாள். "நம்மளைத்தான் விடல. கும்பிடுறதை யாரு தடுக்க முடியும்?" என்றாள் என்னிடம்.

பழைய அடிக்கட்டையைத் தோண்டினோம். நானும் தோண்டினேன். அந்த மண் கையில் ஒட்டவே இல்லை. வாசனையும் காளான் போல் ஒரு மாதிரி புளிப்பாக இருந்தது. ஒரு மண்புழு இல்லை. எல்லாவற்றையும் குவித்து எரித்து, சுண்ணாம்பு தூவினோம்.

தை பிறந்தது. கங்காணி ஐயா நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைக் கனைத்தார். மழை விடட்டும், ரோடு காயட்டும் என்று நான் ஒவ்வொரு சாக்காகச் சொல்லி நாளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மூட்டை கட்டின சாமான்கள் கட்டினபடியே சுவரோரம் இருந்தன.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு காலைப் பெரட்டில் மதினி வந்து நின்றாள். தலையில் முண்டாசுத் துணி இல்லை, கூடையும் இல்லை. மூச்சு வாங்கினாள். அன்றைக்கு முனிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை அவளுடையது.

"கங்காணி ஐயா, மேல்மலைக்கு வந்து பாருங்க. முனியைச் சுத்தி மஞ்சளா நிக்குது. வட்டமா நிக்குது."

யாரோ ஒரு பெண் கூட்டத்துக்குள்ளிருந்து சொன்னாள். "அவ நெழலு பட்டிருக்கும்."

மதினி திரும்பினாள். அந்தத் திரும்பலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"எவடி அவ, நெழலுங்கறவ? முன்னால வந்து சொல்லு. அவளை அங்க நீயும் நானும் விட்டமா? தெனமும் வழிமறிச்சு நின்னது நான்தான? அவ போகவே இல்லாத எடத்துல செடி காஞ்சு நிக்குது. அப்ப யாரு காய வச்சது? தண்ணி ஊத்தின நான் காய வச்சேனா?"

கங்காணி ஐயா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேல்மலைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கண்டக்டர் ஐயாவும் வந்தார். ஒரு செடியைப் பிடுங்கி, பட்டையை உரித்துக் காட்டினார். அதே வெள்ளை நூல். முனிக்குப் போட்ட இலைக்குவியலைக் காலால் விலக்கினார். அடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"உங்கட முனியை நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அவர். "சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தது சரி. ஆனால் நோயையுமல்லோ சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறியள். உந்த வேர்த்துண்டும் மண்ணும் போதும் அதுக்கு. தினமும் தண்ணியும் இலையும் வேற குடுத்திருக்கிறியள்."

கங்காணி ஐயா தம் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என் கையாலதான் கொண்டாந்தேன்" என்றார்.

பிள்ளைகளே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாங்கள் அந்தப் பிடிமண்ணை எடுக்காமல் இருந்திருந்தால், பழைய கட்டையைப் பேசாமல் தோண்டி எரித்திருந்தால், மேல்மலைச் செடிகள் பிழைத்திருக்கும். ஆனால் அம்மாவின் பெயர் பிழைத்திருக்காது. நாங்கள் மொனராகலைக்குப் போயிருப்போம். அந்த மண் நாலு தேயிலையைக் கொன்று நம்மைக் காப்பாற்றியது. இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நன்றி என்று மட்டும் எழுதுகிறேன்.

மேல்மலைக் குழியையும் தோண்டி எரிக்க வேண்டியதாயிற்று. முனிக்கு மறுபடியும் இடம் வேண்டும். தேயிலையே இல்லாத ஒரு பாறை மேடு ரோட்டோரத்தில் இருந்தது. கல்லையும் சூலத்தையும் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினார்கள். ஆனால் மண்? தோட்டத்து மண் எதையும் எடுக்கக் கூடாது என்று கண்டக்டர் ஐயா சொல்லிவிட்டார். "வறுத்துப் போட்டா என்ன?" என்று ஒருவர் கேட்டார். "சாமிக்கு வறுத்த மண்ணா? கடலையா அது?" என்று மதினி கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த மலையில் வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

"காட்டோரத்துல எடுக்கலாம்" என்றாள் மதினியே. "அங்க யாரும் மரம் வெட்டல."

அந்தக் காட்டோரத்துக்கு எல்லோரும் போனோம். இந்தத் தடவை அம்மாவும் வந்தாள். மதினி வீட்டு வாசலில் வந்து நின்று, "வாடி, நீ இல்லாம நான் போக மாட்டேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பெரிய மரத்தடியில் கங்காணி ஐயா குனிந்தார். குனிந்தவர் மண்ணைத் தொடாமல் நிமிர்ந்தார்.

"நீ எடும்மா" என்றார் அம்மாவிடம்.

"நானா? வேணாங்க ஐயா."

"நான் எடுத்த லட்சணத்தைத்தான் பாத்தமே. நீ எடு. புள்ளையை என்கிட்ட குடு."

மூத்தவளே, உன்னை அவர் வாங்கிக்கொண்டார். நீ அவர் மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். அவர் விடுவிக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. மீசை வலியால்தான் என்று அவர் சொன்னார்.

அம்மா உட்கார்ந்து மேலே கிடந்த சருகை விலக்கினாள். அதன் கீழே பாதி மக்கின இலை, அதன் கீழே தூளாய்ப் போன இலை, அதற்கும் கீழே கறுத்த ஈர மண். மழை பெய்து ஓய்ந்த நேரத்து வாசனை அடித்தது. அவள் கையில் அள்ளிய மண்ணில் ஒரு புழு நெளிந்தது. அதை எடுத்து மெல்லப் பழைய இடத்திலேயே விட்டாள்.

"நீ இங்கயே இரு. உனக்கு எதுக்கு வீடு மாத்தணும்" என்றாள்.

அந்த மண்தான் இன்றைக்கும் நீங்கள் கும்பிடுகிற முனியின் அடியில் இருக்கிறது. பீலியில் அம்மாவுக்கு முதல் இடம் கிடைத்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை, வரிசையில் நின்றே பிடித்தாள். மதினி தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்கு முறுக்கு கொடுக்கிற பழக்கம் அப்போது தொடங்கியதுதான். கங்காணி ஐயா இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் மூத்தவளுக்குச் சட்டைத் துணி பண்டாரவளையிலிருந்து வரும்.

பழைய வட்டத்தில் உடனே தேயிலை வைக்க வேண்டாம் என்று உத்தரவு. மண் ஆறுவதற்கு முதலில் முள்முருக்கு நட வேண்டும் என்றார் கண்டக்டர் ஐயா. முள்முருக்கின் வேரில் குரக்கன் தானிய மணி மாதிரி உருண்டைகள் இருக்குமே, நீங்கள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்து என்னிடம் திட்டு வாங்கினீர்களே, அவற்றுக்குள்ளும் சின்ன உயிர்கள் இருக்கின்றன. அவை மண்ணுக்குச் சோறு சமைக்கின்றன. வெட்டின மரத்தோடு போன குடும்பங்கள் அந்த மாதிரி வேர்களைத் தேடித்தான் மெதுவாகத் திரும்பி வருமாம்.

முனிக்குப் புது மண் வைத்த மறுநாள் வேலை முடிந்து எல்லோரும் இறங்கிப் போனபிறகு, நான் மட்டும் அந்தப் பழைய இடத்துக்குப் போனேன். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து தரை வெளுத்துக் கிடந்தது. அம்மா உன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடம் எது என்று தேடினேன். நமுனுகுலை உச்சி நேராகத் தெரியும் இடம்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். அங்கே உட்கார்ந்து பார்த்தேன். முதுகைச் சாய்க்க ஒன்றும் இல்லை. எழுந்து, கொண்டுபோயிருந்த முள்முருக்குக் கம்பை என் முதுகு வந்த இடத்தில் ஊன்றி, சுற்றிலும் மண்ணைக் கையால் அழுத்தினேன். பிறகு வாய்க்காலில் இறங்கி, மம்பட்டியையும் கையையும் காலையும் ஒன்றும் ஒட்டாமல் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.